மேசைக்கு வரும் கேள்வி: வன்னி நூலகங்களில் புதிதாகச் சேர்ந்தோருக்கு

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ ஒரு பொது நூலகத்தின் மேசையில் காலையில் உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னமே என்னென்னவோ வந்து சேரும். உழுந்தில் இலை மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்? உயர்தர உயிரியல் வினாத்தாள் இருக்கிறதா? செத்துப்போன தகப்பனின் காணிப் பேமிற்றை (அரச காணிக்கான அனுமதிப் பத்திரத்தை) எப்படிப் பேர் மாற்றுவது? கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிற மருந்து எதற்கு? பள்ளிக்கூட விழாவுக்கு, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியனைப் பற்றி ஒரு பேச்சு எழுத வேண்டும். நூலகவியல் டிப்ளோமா முடித்து வந்தவர்களுக்கும் இதில் பாதி புதிதாகத்தான் இருக்கும்.

இத்தனையையும் ஒருவர் தலையில் வைத்திருக்க முடியாது. தேவையும் இல்லை. ஒவ்வொரு துறையிலும் மூன்று சங்கதி தெரிந்தால் வேலை நடக்கும். அந்தத் துறை நூல்கள் எந்த எண்ணில் நிற்கின்றன, அதில் என்ன சொற்கள் புழங்குகின்றன, அதிலுள்ள தகவல் எவ்வளவு காலத்தில் பழசாகிறது. இந்த மூன்றில் வன்னியில் அதிகம் இடறுவது சொல்லில்தான். அதனால் அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் விரிவாகவே இருக்கும்.

முதலில், கேள்வியைக் கேட்டெடுங்கள்

மேசைக்கு வருபவர் முதலில் சொல்வது பெரும்பாலும் அவருக்கு வேண்டியது அல்ல. எங்களிடம் இருக்கும் என்று அவர் நினைப்பதையே கேட்பார். ஒரு சாதாரண உரையாடல் இப்படிப் போகும்:

"பிள்ளை, சட்டப் புத்தகம் ஏதும் இருக்கோ?"

"இருக்கு ஐயா. என்ன விசயமாப் பாக்கப்போறியள்?"

"காணி விசயம்தான்."

"சொல்லுங்கோ, காணியில என்ன அறிய வேணும்?"

"பேமிற் அப்பான்ர பேரில கிடக்கு. அவர் மோசம் போயிட்டார். தனக்குப் பிறகு ஆருக்கு எண்டு பின்னுரித்து ஒருத்தரையும் எழுதேல்ல. இப்ப தங்கச்சியும் கேக்கிறாள்."

"அப்ப, பேமிற்காரர் பின்னுரித்து எழுதாமல் இறந்தால் காணி ஆருக்குப் போகும், அதைத்தானே பாக்க வேணும்?"

"ஓம் பிள்ளை, அதுதான்."

முதல் வாக்கியத்தோடு எழும்பிப் போயிருந்தால், சட்ட நூல்கள் நிற்கும் 340 ஆம் எண்ணில் இருந்து ஒரு தடித்த சட்ட அறிமுக நூல் கைக்கு வந்திருக்கும். ஐயாவும் நன்றி சொல்லி அதை வாங்கிக்கொண்டு போயிருப்பார், திரும்பி வந்திருக்க மாட்டார். இங்கே செய்தது மூன்று காரியம். ஆம், இல்லை என்று பதில் வராத கேள்வி ஒன்று கேட்டது, அவர் சொன்னதை மறித்துப் பேசாமல் கேட்டது, கேட்டதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தது. "ஏன் கேக்கிறியள்?" என்று மட்டும் கேட்கவேண்டாம். அது விசாரணை போலக் கேட்கும். "என்ன விசயமா?" என்றால் அவரே சொல்லுவார்.

சரிபார்த்த பிறகு இன்னும் இரண்டு கேள்வி: எப்போது தேவை, எந்த மொழியில் வாசிப்பார். நாளைக்குக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறவருக்கும் அடுத்த மாதம் வழக்குத் தவணை உள்ளவருக்கும் ஒரே நூல் உதவாது. வாசிக்கக் கடினமானவர் என்று தெரிந்தால் உரிய பக்கத்தைத் திறந்து, கூட இருந்து வாசித்துக் காட்டுங்கள். வாசித்துக் காட்டுவது நூலக வேலைதான்.

எண்கள்: ஒரு குளம் எத்தனை இறாக்கையில்

நூல்களுக்கு நாங்கள் எண் போடும் முறையான தூயி தசாம்சப் பகுப்பு 1876 இல் வெளியானது. அது பொருளின்படி அல்ல, துறையின்படி நூல்களைப் பிரிக்கிறது. புதியவர்கள் முதல் மாதம் தடுமாறுவது இதில்தான். இரணைமடுக் குளம் பற்றி ஒப்படை செய்ய வரும் மாணவிக்கு "குளம்" என்று ஓர் இறாக்கை கிடையாது. அணைக்கட்டும் வான்கதவும் 627. வயலுக்கு நீர் பாய்ச்சுவது 631.587. நீர் யாருக்கு எவ்வளவு என்ற வளப் பங்கீடு 333.91. குளத்தில் மீன் வளர்ப்பு 639.3. கனகராயன் ஆறு எங்கிருந்து எவ்வளவு நீர் கொண்டுவருகிறது என்பது 551.48. குளத்தைக் கட்டிய வரலாறு 954.93. ஆறு இடத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்படையின் ஆறு தலைப்புகளும் அந்த நடையிலேயே அவளுக்குக் கிடைத்துவிடும்.

எல்லா எண்ணும் மனனம் செய்யவேண்டியதில்லை. வன்னியில் 630 வரிசையை மட்டும் நன்றாகப் பிடியுங்கள்: 631 மண், பசளை, நீர்ப்பாசனம், 632 நோய், பூச்சி, களை, 633 வயற்பயிர், அதில் நெல் 633.18, 634 பழமரமும் காடும், 635 மரக்கறித் தோட்டம், 636 ஆடு மாடு கோழி, 638 தேனீ, 639 மீன்பிடி. நெல்லுக்கு நோய் என்று வருபவரை 633.18 இல் மட்டும் விட்டால் பாதிதான் கிடைக்கும், மற்றப் பாதி 632 இல் நிற்கும். அதேபோல் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811. திருப்பி வைக்கும்போது இந்த இரண்டையும் மாற்றி வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. தவறான இடத்தில் வைத்த நூல் தொலைந்த நூல்தான்.

இதைப் பழக ஒரே வழி, திரும்பி வரும் நூல்களை நீங்களே இறாக்கையில் வைப்பது. அந்த வேலையை வேறொருவரிடம் தள்ளிவிடாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நூல். வைக்குமுன் ஒவ்வொன்றிலும் உள்ளடக்கத்தையும் கடைசியில் உள்ள சொல்லடைவையும் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். மூன்று மாதத்தில் உங்கள் நூலகத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது நன்றாகத் தெரிய வரும். நூல் வாங்கும் பட்டியல் போடும்போது அந்த அறிவுதான் கைகொடுக்கும்.

இரண்டு தமிழ்

எங்கள் இறாக்கைகளில் இலங்கை நூல்களும் தமிழ்நாட்டு நூல்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எழுத்து ஒன்று, கலைச்சொல் வேறு. இது தெரியாததால் நூல் கையில் இருந்தும் பதில் கிடைக்காமல் போகிறது.

எங்கள் மாணவர் ஒளித்தொகுப்பு என்று தேடுவார், தமிழ்நாட்டு நூலின் சொல்லடைவில் அது ஒளிச்சேர்க்கை. கலம் அங்கே செல், இழையம் அங்கே திசு, நொதியம் அங்கே நொதி, பிறப்புரிமையியல் அங்கே மரபியல், ஆர்முடுகல் அங்கே முடுக்கம், இரசாயனத் தாக்கம் அங்கே வேதிவினை. ஒட்சிசன், காபன், நைதரசன் எல்லாம் ஆக்சிஜன், கார்பன், நைட்ரஜன் என்று நிற்கும். சொல் வேறாக இருப்பதால் இவற்றில் பிழை விட்டாலும் உடனே தெரிந்துவிடும்.

ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருவதுதான் மோசமானது. எங்கள் பௌதிகவியலில் அமுக்கம் என்பதை அங்கே அழுத்தம் என்பார்கள். எங்களுக்கோ அழுத்தம் என்றால் மின்சாரத்தில் வருவது, அழுத்த வேறுபாடு. உயர்தர மாணவர் ஒருவர் அங்குள்ள நூலில் "அழுத்தம்" அத்தியாயத்தைத் திறந்தால் மின்னியலுக்குப் பதில் திரவங்களைப் படித்துக்கொண்டிருப்பார்.

தோட்டக்காரருக்கு இது பணத்தில் போய் முடியும். நாங்கள் சோளம் என்பது அங்கே மக்காச்சோளம். அங்கே சோளம் என்பது எங்கள் இறுங்கு. "சோளச் சாகுபடி" என்ற தமிழ்நாட்டு நூலை எடுத்துக்கொண்டு போனவர், இறுங்குக்குச் சொன்ன இடைவெளியையும் பசளையையும் சோளத்துக்குப் போடுவார். கச்சான் அங்கே நிலக்கடலை. பப்பாசி அங்கே பப்பாளி. உழுந்தை அவர்கள் உளுந்து என்று எழுதுவார்கள், கணினியில் ஓர் எழுத்து மாறினாலும் ஒன்றும் வராது. அங்குள்ள நூல் குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் சொல்லும். எங்களுக்குப் பெரும்போகமும் சிறுபோகமும்தான், மழை வரும் மாதங்களும் வேறு.

அளவையும் பாருங்கள். 1 ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஹெக்டேருக்குச் சொன்ன யூரியாவை ஏக்கருக்குப் போட்டால் இரண்டரை மடங்கு விழும். பயிர் கறுத்துச் செழித்து, பிறகு சாய்ந்து, நோயும் பூச்சியும் சேரும். 1 ஏக்கர் 160 பேர்ச், யாழ்ப்பாணப் பக்கத்துக் கணக்கில் 16 பரப்பு, தமிழ்நாட்டுக் கணக்கில் 100 சென்ட். இந்த வரியை ஒரு மட்டையில் எழுதி 630 இறாக்கையில் ஒட்டிவிடுங்கள்.

நெல்லினப் பேருக்கும் ஒரு சாவி உண்டு. பீ.ஜீ. என்றால் பத்தலகொடை, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம். எண்ணின் தொடக்கம் வயதைச் சொல்லும்: பீ.ஜீ. 300 மூன்று மாதம், பீ.ஜீ. 352 உம் ஏ.ரி. 362 உம் மூன்றரை, பீ.ஜீ. 403 நான்கு. "குளத்தில தண்ணி குறைவு, குறுகின வயதில என்ன இருக்கு?" என்று ஒருவர் கேட்டால் பட்டியலில் எங்கே பார்ப்பது என்று தெரியும். எது போடலாம் என்பதைச் சொல்ல வேண்டியவர் கமநல சேவை நிலையத்தில் இருக்கும் போதனாசிரியர். விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்தையும் கையில் கொடுத்து விடுங்கள்.

மரஞ்செடிக்குச் சொல் தகராறு இன்னும் கூட. வன்னிக் காட்டுப் பாலையும் சங்கப் பாட்டில் வரும் பாலையும் ஒரே மரம் அல்ல. இப்படி வந்தால் தாவரவியற் பெயரைப் பிடியுங்கள். எங்கள் பாலைக்கு மனில்கரா ஹெக்ஸாண்ட்ரா. அந்தப் பெயர் எந்த நாட்டு நூலிலும் ஒன்றுதான்.

வருடத்தைப் பாருங்கள்

முன்னே வந்த ஐயாவிடம் திரும்புவோம். பேமிற் காணி 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பின்னுரித்து எழுதாத காணி ஆருக்குப் போகும் என்ற வரிசை அதன் அட்டவணையில் இருக்கிறது. பழைய வரிசையில் ஆண்பிள்ளைக்கு முன்னிடம் இருந்தது. 2022 இல் வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. 2010 இல் அச்சான ஒரு கையேட்டைக் கொடுத்தீர்கள் என்றால் அவர் தங்கச்சிக்குப் பங்கில்லை என்று நம்பி வீட்டுக்குப் போவார். நூல் நல்ல நூல்தான், வருடம் பிழை. 340 இல் இருக்கும் ஒவ்வொரு நூலிலும் முகப்புக்குப் பின்பக்க வருடத்தைப் பார்த்த பிறகே கொடுங்கள். திருத்தம் உண்டா என்று அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் தேடுங்கள்.

சட்டம் காட்டலாம், விளக்கம் சொல்லக் கூடாது. "உங்கட தங்கச்சிக்கும் உரித்து இருக்கு" என்பது சட்டத்தரணி சொல்ல வேண்டிய சொல். பிரிவைக் காட்டி, பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கும் வழி சொல்லுங்கள். இன்னொன்று: சட்டங்களின் கடைசியில் சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று இருக்கும். தமிழ் வாக்கியம் குழப்பமாக இருந்தால் இதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஒவ்வொரு பணியாளரும் ஒருமுறை முழுதாக வாசிக்க வேண்டும். வேறெந்தச் சட்டத்தையும்விட இது மேசையில் உதவும். வீட்டுத்திட்டப் பட்டியலில் பேர் ஏன் இல்லை, வீதி வேலை ஏன் நிற்கிறது என்று வருபவருக்கு நூலில் பதில் இல்லை, அலுவலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் உண்டு. எழுத்தில் கேட்க வேண்டும், எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும், பற்றுச்சீட்டு வாங்கவேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பப் படிவத்தில் இருபது பிரதி எப்போதும் இருக்கட்டும். ஏன் கேட்கிறார் என்று காரணம் எழுதத் தேவையில்லை என்பதை மறக்காமல் சொல்லுங்கள், பலர் அந்த இடத்தில்தான் பயந்து நிற்பார்கள்.

இங்கே ஒரு கேள்வியை மிகக் கவனமாகக் கையாளுங்கள். காணாமற்போனவரின் குடும்பத்தார் சான்றிதழ் பற்றிக் கேட்டு வருவார்கள். மரணச் சான்றிதழ் வேறு. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் காணாமற்போனவர் என்றே பதிந்து வழங்கும் சான்றிதழ் வேறு. ஒரு தாயிடம் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிவிடாதீர்கள். மேசையில் நின்று பேசாமல் ஓரமாக ஒரு கதிரை கொடுத்து, தாழ்ந்த குரலில் பேசுங்கள். சின்ன ஊர், பக்கத்தில் பத்திரிகை வாசிப்பவருக்கு அவரைத் தெரிந்திருக்கும். வீட்டு வன்முறை பற்றிய கேள்விக்கும் இதே ஒழுங்குதான். மகளிர் உதவிக்கு 1938, சிறுவருக்கு 1929, மனநல உதவிக்கு 1926. இந்த இலக்கங்களைச் சின்னச் சீட்டாக வெட்டி, கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

மருந்தும் நோயும்

விதி ஒன்றுதான்: காட்டுவது எங்கள் வேலை, சொல்வது வைத்தியர் வேலை. ஆனால் காட்டுவதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டும். சனம் சீனி வருத்தம் என்பதை நூல் நீரிழிவு என்றும் சர்க்கரை நோய் என்றும் சொல்லும். பிறஷர் என்பது எங்கள் நூலில் உயர் குருதியமுக்கம், அங்கே உயர் இரத்த அழுத்தம். சிறுநீரக நோய் 616.61, வவுனியாப் பக்கம் இதை நிறையப் பேர் கேட்பார்கள். பரசிற்றமோல் அமெரிக்க நூலில் அசிற்றமினோபென் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. இது தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரல் கெடும்.

குருதிச் சீனிக்கு இரண்டு அலகு புழங்குகிறது. 126 மில்லிகிராம் என்று ஒரு நூல் சொல்வதும் 7 மில்லிமோல் என்று மற்றது சொல்வதும் ஒரே அளவு; 18 ஆல் வகுக்க வேண்டும். கையில் 130 என்ற றிப்போட்டை வைத்துக்கொண்டு "7 க்கு மேலெண்டா கூடாது" என்று வாசித்தவர் பயந்து போவார். அலகு வேறு என்பதைச் சுட்டிக்காட்டுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று ஆராவது தொலைபேசியில் கேட்டால் நூல் தேடாதீர்கள், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அடிக்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள்

கூடுதலாக வருபவர்கள் இவர்கள்தான், வேலை ஒப்பீட்டில் எளிது. பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்திலும் ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத் தளத்திலும் இலவசமாக உண்டு. கடந்தகால வினாத்தாள் கொடுக்கும்போது பழைய பாடத்திட்டமா புதியதா என்று மேலே பாருங்கள். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் பகுதி 1, பிரிவு 2அ என்பதில் வேலை வெற்றிடமும் பரீட்சை அறிவித்தலும் வரும். அதை அச்செடுத்து, முடிவுத் திகதியைச் சிவப்பில் வட்டமிட்டுப் பலகையில் குத்துங்கள்.

ஊர் வரலாறு

கற்சிலைமடு நினைவுக்கல்லைச் சான்றாகக் காட்டி, 1803 ஒக்டோபர் 31 இல் பண்டார வன்னியன் கொல்லப்பட்டான் என்று எழுதியவர்கள் உண்டு. அந்தக் கல் சொல்வது ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்பதை மட்டுமே. தோல்விக்கும் சாவுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைப் பேச்சு எழுத வந்த பிள்ளைக்குக் காட்டினால், அவன் சான்று வாசிக்கப் பழகிவிடுவான். ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் பயனுள்ளது, ஆனால் அது ஒரு பிரித்தானிய நிர்வாகியின் கண். அதோடு ஊரவர் எழுதிய ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். இடப்பெயர்வில் அழிந்த கோயில் மலர்கள், பாடசாலை இதழ்கள், பழைய பத்திரிகைகள் பல 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள்.

கணினியில்

பழைய அரச ஆவணம் ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து குப்பையாகத் தெரியும். வைரஸ் அல்ல, அது யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்தது. இணையத்தில் இருக்கும் பாமினி மாற்றியில் ஒட்டினால் தமிழாகும். இப்படிப்பட்ட ஆவணங்கள் கூகிளில் தமிழில் தேடினால் வரவே வராது. தேடி ஒன்றும் வராவிட்டால் "இல்லை" என்று சொல்லிவிடாமல், திணைக்களத்தின் தளத்துக்கே போய்ப் பட்டியலில் பாருங்கள்.

கொப்பி

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி நான்கு நிரல் கோடு போடுங்கள். திகதி, கேட்ட கேள்வி கேட்டவரின் சொல்லிலேயே, உண்மையில் வேண்டியிருந்தது, பதில் கிடைத்த இடம். கேட்டவரின் பேர் எழுதக் கூடாது. கொப்பியைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து சொற்பட்டியல் ஒன்று தொடங்குங்கள்: சனத்தின் சொல், எங்கள் நூற்சொல், தமிழ்நாட்டுச் சொல், பகுப்பு எண். நாளுக்கு இரண்டு சொல் சேர்ந்தாலும் வருட முடிவில் அறுநூறு ஆகும். அதைப்போல ஒரு பட்டியல் எந்தக் கடையிலும் கிடையாது.

பதில் கிடைக்காத கேள்விக்கு நான்காவது நிரலை வெறுமையாக விடுங்கள். வாசகரிடம் "வியாழக்கிழமைக்குள்ள பாத்துச் சொல்லுறன்" என்று நாள் குறித்துச் சொல்லி, அந்த நாளையும் எழுதுங்கள். மாவட்டத்திலுள்ள மற்ற நூலகத்துக்கு, பல்கலைக்கழக நூலகத்துக்கு, உரிய திணைக்களத்துக்கு ஓர் அழைப்பு எடுத்தால் பாதி நிரம்பிவிடும். கொப்பி மேசை லாச்சியிலேயே இருக்கட்டும். பின்னேர முறைக்கு வருபவர் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான்.